கைப்பேசி மாற்றப் போகிறவர்களுக்கு: கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பார்த்து வாங்கும் முறை

சாம்சங்கா, ஐபோனா, சியாவ்மியா என்று ஒரு மாதமாக வீடியோ பார்த்தும் முடிவு வரவில்லை என்றால், வீடியோவை நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள். ஒரே விலையில் நிற்கும் இரண்டு கைப்பேசிகளுக்குள் வித்தியாசம் இப்போது மிகக் குறைவு. அதே கைப்பேசியை எந்த நாட்டுக்கான செட்டாக வாங்குகிறீர்கள், பணத்தை எப்படிக் கட்டுகிறீர்கள், வங்கிச் செயலியை எந்த வரிசையில் மாற்றுகிறீர்கள் என்பதில்தான் நூற்றுக்கணக்கான ரிங்கிட் கைவிட்டுப் போகிறது. அதனால் மாடலைப் பற்றிக் கொஞ்சமாகவும், மற்றவற்றைப் பற்றி நிறையவும் சொல்கிறோம்.

1. மாற்றத்தான் வேண்டுமா?

கைப்பேசி மந்தமாக இருப்பதற்குப் பாதிக் காரணம் பேட்டரியும் நிரம்பிப்போன சேமிப்பும்தான். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் பேட்டரி பகுதிக்குப் போனால் அதன் ஆரோக்கியம் விழுக்காட்டில் தெரியும். 80க்குக் கீழே இறங்கியிருந்தால் பேட்டரியை மட்டும் மாற்றிப் பாருங்கள். புதுக் கைப்பேசியின் விலையில் அது சிறு பங்குதான். சேமிப்பு நிறைந்திருந்தால் வாட்ஸ்அப்பின் சேமிப்பு மேலாண்மைப் பக்கத்தைத் திறந்து, குடும்பக் குழுவிலும் கோயில் குழுவிலும் வந்து குவிந்த வீடியோக்களை அழியுங்கள். பத்து ஜிபி சாதாரணமாகக் கிடைக்கும்.

மாற்றியே ஆக வேண்டிய நிலை ஒன்று உண்டு. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன கைப்பேசியில் வங்கிச் செயலி வைத்திருக்கக் கூடாது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் கைப்பேசியைப் பற்றிய பகுதியில் பாதுகாப்பு அப்டேட்டின் தேதி இருக்கும். அந்தத் தேதி ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்து, புதிதாக எதுவும் வரவும் இல்லை என்றால் மேலே படியுங்கள்.

2. விலையை வருடத்தால் வகுங்கள்

இரண்டு கைப்பேசிகளை ஒப்பிட இதைவிட நேர்மையான கணக்கு இல்லை. விலையை, பாதுகாப்பு அப்டேட் இன்னும் எத்தனை வருடம் வரும் என்பதால் வகுக்க வேண்டும். 1,500 ரிங்கிட் கைப்பேசிக்கு இன்னும் 3 வருடம் அப்டேட் இருந்தால் வருடத்துக்கு 500 ரிங்கிட். 2,400 ரிங்கிட் கைப்பேசிக்கு 6 வருடம் இருந்தால் வருடத்துக்கு 400. மலிவு என்று நினைத்ததுதான் விலை கூடியது. ஆறு வருடம் வைத்திருப்பதென்றால் நடுவில் ஒரு முறை பேட்டரி மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அப்டேட் வருடங்கள் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, அந்த மாடல் வெளிவந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. சாம்சங் கேலக்சி எஸ்24 வரிசைக்கு 7 வருடம் என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது. அது வெளிவந்தது 2024 ஜனவரியில், ஆகவே 2031 வரை வரும். அதற்கு முந்தைய எஸ்23க்கு 5 வருடப் பாதுகாப்பு அப்டேட் மட்டுமே, 2028இல் முடிந்துவிடும். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், பார்க்க ஒன்றுபோல இருக்கும், எஸ்23 சில நூறு ரிங்கிட் குறைவாக இருக்கும். வகுத்துப் பார்த்தால் எஸ்24தான் லாபம்.

கூகிள் பிக்சல் 8 முதல் வந்தவற்றுக்கும் 7 வருடம். குறைந்த விலை வரிசையில் கேலக்சி ஏ16க்கு சாம்சங் 6 வருடம் தருகிறது. அம்மா அப்பாவுக்கு வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். ஐபோனுக்கு ஆப்பிள் கடையில் இத்தனை வருடம் என்று விளம்பரம் செய்வதில்லை, ஆனால் நடைமுறையில் ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வந்திருக்கிறது. மற்ற பிராண்டுகளில் ஒரே பெயரில் வரும் மாடல்களுக்குள்ளேயே வருடம் மாறும். நீங்கள் பார்க்கும் அதே மாடலுக்கு எத்தனை வருடம் என்று நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் படித்துக்கொள்ளுங்கள், விற்பனையாளரின் வாய்ச்சொல் போதாது.

3. விவரப் பட்டியலில் எதைப் பார்ப்பது

முதலில் ரேம், அதாவது செயலிகள் ஓடும் நினைவகம். பெட்டியின் மேல் 16 ஜிபி என்று பெரிதாகப் போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் 8+8 என்று இருக்கும். உண்மையான ரேம் 8 ஜிபிதான். மீதி 8, சேமிப்பிலிருந்து கடன் வாங்கிய இடம். வேகம் தராது, சேமிப்பையும் தின்னும். கூட்டலுக்கு முன்னால் நிற்கும் எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள். நாலைந்து வருடம் ஓட்ட நினைக்கிறவர்களுக்கு ஆண்ட்ராய்டில் 8 ஜிபி அசல் ரேமும் 256 ஜிபி சேமிப்பும் வேண்டும். மெமரி கார்டு போடும் இடம் இப்போது பல மாடல்களில் இல்லை, பிறகு கூட்டிக்கொள்ள முடியாது.

கேமராவில் மெகாபிக்சல் எண்ணை மறந்துவிடுங்கள். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஓஐஎஸ் வசதி முதன்மைக் கேமராவில் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பத்துமலையில் விடியற்காலைக் காவடியையும், மண்டபத்தின் மங்கிய விளக்கில் பிள்ளைகளின் நடனத்தையும் தெளிவாக எடுக்க உதவுவது அதுதான். 2 மெகாபிக்சல் மேக்ரோ லென்ஸ் என்பது பின்பக்கத்தில் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதற்கான நிரப்பல்.

கிட்ட வைத்தாலே அட்டையைப் படிக்கும் என்எஃப்சி வசதியைக் கட்டாயம் பாருங்கள். விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் இது இருக்காது, அல்லது ஒரே மாடலில் ஒரு ரகத்துக்கு இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. என்எஃப்சி இருந்தால் புதுவகை டச் அண்ட் கோ அட்டையைக் கைப்பேசியின் பின்னால் வைத்து, செயலியிலிருந்தே பணம் ஏற்றிவிடலாம். இல்லையென்றால் பினாங்குப் பாலத்து டோலுக்கு முன்னாலோ எல்ஆர்டி நிலையத்திலோ ரீலோட் செய்ய இடம் தேடி அலைய வேண்டியதுதான்.

வெளிநாட்டு செட்டை யோசிக்கிறீர்கள் என்றால் அலைவரிசையையும் பாருங்கள். 5ஜிக்கு என்78, என்28 இரண்டும் இருக்க வேண்டும். 4ஜிக்கு பேண்ட் 1, 3, 7, 8. மலேசியாவில் 3ஜி 2021 முடிவோடு மூடப்பட்டுவிட்டதால், அழைப்பு 4ஜி வழியாகப் போகும் வோல்ட்டி வசதி உங்கள் சிம் நிறுவனத்தோடு வேலை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஒவ்வொரு அழைப்பின்போதும் கைப்பேசி 2ஜிக்கு இறங்கும். பேசி முடிக்கும்வரை இணையமும் நின்றுவிடும்.

தமிழில் எழுதுவது எதிலும் பிரச்சினை இல்லை. ஐபோனில் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு இருக்கிறது. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் இரண்டிலும் கிடைக்கிறது.

4. மலேசிய செட்டா, ஏபி செட்டா?

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். கடையில் ஒரே கைப்பேசிக்கு இரண்டு விலை சொன்னால், ஒன்று மலேசிய செட், மற்றது ஏபி செட். மலேசிய செட் என்பது பிராண்டு நிறுவனமே இங்கே விற்பதற்காகக் கொண்டுவந்தது. பெட்டியில் சிரிம் என்ற தரச்சான்று அமைப்பின் ஸ்டிக்கர் இருக்கும், பழுதானால் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் பார்க்கும். ஏபி செட் என்பது ஹாங்காங், சீனா, ஜப்பான் போன்ற வேறு நாட்டுக்காகச் செய்யப்பட்டு, இடையில் ஒருவர் இறக்குமதி செய்தது. அதற்குக் கடை வாரண்டி மட்டும்தான். கடை மூடிவிட்டால் வாரண்டியும் முடிந்தது.

விலை குறைவு என்பது உண்மைதான். அந்தக் குறைவுக்கு எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்கினால் சரி. நாட்டுக்கு நாடு இப்படி இருக்கும்:

அமெரிக்க ஐபோனில், 14ஆம் வரிசையிலிருந்து, சிம் போடும் துளையே கிடையாது. கைப்பேசிக்குள்ளேயே பதியும் இசிம் மட்டும்தான். ஊருக்குப் போனால் விமான நிலையத்தில் சிம் வாங்கிச் செருக முடியாது.

ஜப்பான் ஐபோனில் படமெடுக்கும் சத்தத்தை இங்கே இருக்கும்போது அணைக்க முடியாமல் போகலாம்.

சீனா, ஹாங்காங் ஐபோன்கள் பெரும்பாலானவற்றில் இரண்டு சிம் அட்டைகளைப் போடலாம். அதுவே சிலருக்குப் பிடித்த விஷயம். ஆனால் பெரும்பாலான சீன ஐபோன்களில் இசிம் வேண்டும் என்று கடைசியில் நினைத்தால் வழியில்லை.

சீனாவுக்காகச் செய்த ஆண்ட்ராய்டு செட்டுகளைத்தான் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். அதில் கூகிள் சேவைகள் முழுமையாக இருக்காது. சில கடைகள் மென்பொருளுக்குப் பூட்டாக இருக்கும் பூட்லோடரைத் திறந்து, அதில் வெளிநாடுகளுக்கான மென்பொருளை (குளோபல் ரோம்) ஏற்றி விற்கும். மெனு அழகாக மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், எந்தச் சந்தேகமும் வராது. வீட்டுக்கு வந்து வங்கிச் செயலியைத் திறந்தால், இந்தக் கருவி பாதுகாப்பற்றது என்று சொல்லி மூடிவிடும். திறந்த பூட்லோடரைச் செயலி கண்டுபிடித்துவிடுகிறது. ஒரு அப்டேட் வந்தால் கைப்பேசியே எழாமல் போகவும் கூடும்.

சரிபார்ப்பது எளிது. கடைக்காரரிடம் மலாயில் நேராகக் கேளுங்கள்: “இனி செட் மலேசியா கா, செட் ஏபி?” (இது மலேசிய செட்டா, ஏபி செட்டா?) பதில் எதுவாக இருந்தாலும் அதை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். பிறகு பெட்டியில் சிரிம் ஸ்டிக்கரைத் தேடி, சிரிமின் சரிபார்ப்புச் செயலியால் ஸ்கேன் செய்யுங்கள். ஐபோன் என்றால் பெட்டியில் உள்ள மாடல் எண்ணில் சாய்கோட்டுக்கு (/) முன்னால் நிற்கும் எழுத்துகள் நாட்டைக் காட்டும்: எல்எல் என்றால் அமெரிக்கா, ஜே என்றால் ஜப்பான், சிஎச் என்றால் சீனா, கேஎச் என்றால் கொரியா.

வேலைக்கும் வங்கிக்கும் நம்பியிருக்கும் ஒரே கைப்பேசி என்றால் மலேசிய செட்டையே வாங்குங்கள். இரண்டாவது கைப்பேசி என்றால் ஏபி செட்டை யோசிக்கலாம்.

5. எங்கே, எப்போது?

கோலாலம்பூரில் விலை விசாரிக்க லோ யாட் பிளாசாவுக்கு நிகர் இல்லை. இம்பி மோனோரயில் நிலையத்திலிருந்தும் புக்கிட் பிந்தாங் எம்ஆர்டியிலிருந்தும் நடந்தே போகலாம். ஐபோனைத் தொட்டுப் பார்க்க டிஆர்எக்ஸ் வணிக வளாகத்தில் ஆப்பிளின் சொந்தக் கடை 2024 ஜூனில் திறந்தது. அங்கே பேரம் கிடையாது, ஆனால் செட்டைப் பற்றிய சந்தேகமும் கிடையாது. பினாங்கில் கொம்தார் பக்கம் பிராங்கின் மாலில் சிறு கடைகள் உண்டு. குயின்ஸ்பேயிலும் கர்னி பிளாசாவிலும் பிராண்டு கடைகள் உண்டு.

வார நாளில் காலையில் போங்கள். முதல் சுற்றில் பர்சைத் திறக்காதீர்கள். மூன்று கடைகளில் ஒரே கேள்வியைக் கேட்டு, பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள்: மலேசிய செட், 256 ஜிபி, ரொக்க விலை எவ்வளவு, கார்டு விலை எவ்வளவு. இந்த இரண்டும் சில கடைகளில் வேறுபடும்.

நேரம் என்று பார்த்தால், ஐபோன் புது வரிசை செப்டம்பரில் வரும். சாம்சங் எஸ் வரிசை வருடத் தொடக்கத்தில் வரும், மடிக்கும் வகைகள் வருட நடுவில். புதியது வந்த சில வாரங்களில் ஆண்ட்ராய்டின் பழையது நன்றாக இறங்கும், ஐபோன் மெதுவாக இறங்கும். ஷாப்பி, லசாடாவின் 9.9, 11.11, 12.12 நாட்களில் வாங்குவதென்றால் பிராண்டின் அதிகாரப்பூர்வக் கடையா என்று பாருங்கள், விலையை இரண்டு வாரம் முன்பே படம் பிடித்து வையுங்கள். தீபாவளிக்கு முன்னால் போனஸ் கையில் வந்த வேகத்தில் வாங்குவதைவிட, நவம்பர் விற்பனைவரை பொறுப்பது பெரும்பாலும் லாபம்.

6. பணம் கட்டும் வழி

தொலைத்தொடர்பு நிறுவனத்தின் 24 மாத ஒப்பந்தம், கடன் அட்டையில் வட்டியில்லாத் தவணை, முழு ரொக்கம் என்று மூன்று வழிகள். ஒப்பந்தத்தில் கைப்பேசி 600 ரிங்கிட்தானே என்று மனம் தாவும். கணக்கைக் காகிதத்தில் போடுங்கள்.

எடுத்துக்காட்டாக, கடையில் 2,400 ரிங்கிட் விலையுள்ள கைப்பேசி, ஒப்பந்தத்தில் முன்பணம் 600, மாதத் திட்டம் 128 என்று வைத்துக்கொள்வோம். 128ஐ 24ஆல் பெருக்கினால் 3,072. முன்பணத்தோடு 3,672. அதே கைப்பேசியை ரொக்கமாக வாங்கி, உங்களுக்குப் போதுமான 45 ரிங்கிட் திட்டத்தில் இருந்தால் 24 மாதத்துக்கு 1,080, மொத்தம் 3,480. ஒப்பந்தம் 192 ரிங்கிட் கூடுதல், அதோடு இரண்டு வருடக் கட்டும் சேர்ந்தது. உங்களுக்கு எப்படியும் 128 ரிங்கிட் திட்டத்தின் டேட்டா தேவை என்றால் கணக்கு தலைகீழாகும், ஒப்பந்தம் லாபம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஒப்பந்தம் இல்லாவிட்டால் நான் மாதம் எவ்வளவு கட்டுவேன்?

கையெழுத்துப் போடுமுன் இவற்றைக் கேளுங்கள்: நடுவில் நிறுத்தினால் அபராதம் எவ்வளவு? திட்டத்தைக் குறைத்துக்கொள்ளலாமா? வேறு நிறுவனத்துக்கு எண்ணோடு மாறினால் என்ன ஆகும்? ஒப்பந்தம் முடிந்தபின் மாதக் கட்டணம் தானாகக் குறையுமா, அல்லது நாம் கேட்டால்தானா?

ஆவணங்களுக்கு அசல் ஐசி (அடையாள அட்டை) போதும். மாதக் கட்டணத்துக்குக் கடன் அட்டை கேட்பார்கள். மலேசியக் குடியுரிமை இல்லாதவர்கள் கடப்பிதழையும் வேலை பெர்மிட்டையும் கொண்டுபோக வேண்டும். பெர்மிட்டில் மீதமுள்ள காலத்தைப் பார்ப்பார்கள், வைப்புத்தொகையும் கேட்கலாம். பழைய எண்ணில் கட்டாமல் விட்ட பில் எங்காவது இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும், முதலில் அதை அடைத்துவிடுங்கள். நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் சிக்கல் இன்னொன்று: பயன்படுத்துவது மகன், எண் பதிவாகியிருப்பது அப்பாவின் ஐசியில். எண்ணை மாற்றவோ ஒப்பந்தம் போடவோ அப்பாவும் கடைக்கு வர வேண்டும். வரிசையில் நின்றபிறகு தெரிந்தால் ஒரு நாள் வீண்.

கடன் அட்டையின் வட்டியில்லாத் தவணை நல்ல வழி. ஆனால் சில கடைகள் தவணை என்றதும் விலையைக் கூட்டும். ரொக்க விலைக்கும் தவணையின் மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் கட்டும் வட்டி. முழுத் தொகையும் அட்டையின் வரம்பிலிருந்து முதலிலேயே பிடிக்கப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். இப்போது வாங்கி பிறகு கட்டும் செயலிகளில் மாதத் தொகையைப் பார்க்காமல், கடைசியாகக் கட்டி முடிக்கும் மொத்தத்தைப் பாருங்கள்.

7. கவுண்டரில் பெட்டியைத் திறக்கும்போது

காசு கொடுக்குமுன் பெட்டியின் முத்திரை கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஐபோன் என்றால் பெட்டியில் உள்ள வரிசை எண்ணை ஆப்பிளின் வாரண்டிப் பக்கத்தில் போடுங்கள். வாரண்டி ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தால் அது திறக்கப்பட்ட செட். மாடல் எண்ணின் முதல் எழுத்து எம் என்றால் புதியது, எஃப் என்றால் ஆப்பிள் புதுப்பித்தது, என் என்றால் வாரண்டியில் மாற்றிக் கொடுத்தது.

திறந்ததும் அழைப்பு எண்களை அழுத்தும் பலகையில் *#06# அழுத்துங்கள். திரையில் வரும் ஐஎம்இஐ எண் (அந்தக் கைப்பேசிக்கே உரிய அடையாள எண்), பெட்டியில் உள்ளது, ரசீதில் எழுதியது மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் சிம்மைப் போட்டு அங்கிருந்தே ஒரு அழைப்பு செய்யுங்கள். வெள்ளைப் படத்தைத் திரை முழுக்க வைத்து புள்ளி, கறை பாருங்கள். சாம்சங்கில் *#0*# அழுத்தினால் சோதனை மெனு வரும்.

பல பெட்டிகளில் இப்போது சார்ஜர் இல்லை. பழைய சார்ஜர் ஓடும், ஆனால் வேகமாக ஏற்றாது. ஐபோனுக்கு ‘பிடி’ (பவர் டெலிவரி) வகை யூஎஸ்பி-சி சார்ஜர் போதும். சாம்சங்குக்கும் பிக்சலுக்கும் அந்த சார்ஜரில் பிபிஎஸ் என்று குறித்த வசதியும் இருக்க வேண்டும். ஒப்போ போன்றவற்றின் அதிவேக சார்ஜிங்குக்கு அந்தந்த நிறுவனத்தின் சார்ஜரும் கேபிளும் வேண்டும். மூன்று முனை பிளக், சிரிம் முத்திரை இரண்டும் இல்லாத சார்ஜரைத் தலையணைப் பக்கத்தில் வைத்துத் தூங்காதீர்கள்.

திரைக்காப்பு ஒட்டி, உறை போட்டு, கேட்காமலேயே பில்லில் சேர்ப்பது உண்டு. இலவசமா, காசா என்று ஒட்டுமுன் கேளுங்கள். தண்ணீர் புகாது என்ற ஐபி68 முத்திரையை நம்பி நீச்சல் குளத்தில் இறங்காதீர்கள். தண்ணீர்ச் சேதம் பொதுவாக வாரண்டியில் வராது.

பழைய செட் வாங்குகிறவர்களுக்கு ஒரு கூடுதல் விதி. விற்பவர் உங்கள் கண்முன் தன் ஆப்பிள் கணக்கிலிருந்தோ கூகிள் கணக்கிலிருந்தோ வெளியேறி, ரீசெட் செய்து, முதல் திரைவரை கொண்டுவந்து காட்ட வேண்டும். பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஐபோனில் செட்டிங்ஸின் பொதுப் பகுதியில் ‘அபௌட்’ என்பதைத் திறந்தால், மாற்றப்பட்ட பாகங்கள் அசலா இல்லையா என்று அதுவே சொல்லும்.

8. ரசீது, வரி, தகராறு

ரசீதில் உங்கள் பெயர், தேதி, மாடல், ஐஎம்இஐ, மலேசிய செட் என்ற சொல், எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பது இவ்வளவும் இருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சடித்த ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும், அன்றே படம் எடுங்கள்.

வாழ்க்கைமுறை வரிவிலக்கில் வருடத்துக்கு 2,500 ரிங்கிட் வரை கைப்பேசியைச் சேர்க்கலாம். உங்களுக்கோ, துணைவருக்கோ, பிள்ளைக்கோ வாங்கியதாக இருக்கலாம். தொழிலுக்காக இருக்கக் கூடாது. புத்தகமும் வீட்டு இணையக் கட்டணமும் இதே 2,500க்குள்தான் வரும். இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறவர்கள் அதிகம்: 2,500 ரிங்கிட் கைக்குத் திரும்பி வராது. வரி கணக்கிடும் வருமானத்தில் அவ்வளவு குறையும். உங்கள் கடைசித் தட்டு 11 விழுக்காடு என்றால் மிச்சம் 275 ரிங்கிட், 6 விழுக்காடு என்றால் 150. டிசம்பர் 31க்குள் வாங்கியிருந்தால்தான் அந்த வருடக் கணக்கில் வரும். ரசீதை 7 வருடம் வைத்திருக்க வேண்டும். வரிக்கணக்கில் மலேசியவாசியாக இல்லாதவருக்கு இந்த விலக்கு கிடையாது.

கடை ஏமாற்றினால், பழுதைச் சரிசெய்யாவிட்டால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று வருடத்துக்குள் பதிய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, ரசீதும், கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலும் போதும். மேலே ரசீதைப் பற்றி அவ்வளவு வற்புறுத்தியது இதற்காகத்தான்.

9. பழையதிலிருந்து புதியதற்கு: வரிசை மாறக் கூடாது

வெள்ளிக்கிழமை மாலை வாங்கி, அன்றிரவே பழையதை விற்றுவிட்டு, சனிக்கிழமை காலை வங்கிச் செயலி திறக்காமல் தவிப்பது அடிக்கடி நடக்கிறது. குறைந்தது மூன்று நாள் இரண்டு கைப்பேசியும் கையில் இருக்கட்டும்.

முதல் வேலை வாட்ஸ்அப். ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கும், ஐபோனிலிருந்து ஐபோனுக்கும் செட்டிங்ஸுக்குள் அரட்டைகளை மாற்றும் வசதியில் கியூஆர் குறியைக் காட்டினால் போதும். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்கள், ‘மூவ் டு ஐஓஎஸ்’ செயலியால் புது ஐபோனை முதன்முதலாக அமைக்கும்போதே மாற்ற வேண்டும். ஐபோனை ஏற்கெனவே பயன்படுத்தத் தொடங்கிவிட்டால் ரீசெட் செய்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும். ஆகவே கடைக்காரர் ஆர்வத்தில் ஐபோனை முழுதாக அமைத்துக் கொடுக்க வந்தால், வேண்டாம் என்று சொல்லுங்கள். வாட்ஸ்அப்பின் இரண்டடுக்கு பின் எண் நினைவில் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். மறந்து, மீட்பு மின்னஞ்சலும் வைக்காமல் இருந்தால் 7 நாள் காத்திருக்க நேரும்.

அடுத்து வங்கி. குறுஞ்செய்தி ஓடிபிக்குப் பதிலாகச் செயலிக்குள்ளேயே அனுமதி கொடுக்கும் முறைக்கு நம் வங்கிகள் மாறிவிட்டன. அந்த அனுமதி ஒரு கணக்குக்கு ஒரே ஒரு கைப்பேசியில்தான் இருக்கும். புதியதில் பதிந்ததும் பழையது செயலிழக்கும், புதியது உடனே வேலை செய்யாது. மோசடிக்காரர்களைத் தடுக்க ஒரு காத்திருப்பு நேரம் வைத்திருக்கிறார்கள், சில வங்கிகளில் 12 மணி நேரம். வீட்டு வாடகை, கார் தவணை, ஊருக்கு அனுப்பும் பணம் எதுவாக இருந்தாலும் மாற்றுமுன் அனுப்பிவிடுங்கள். ஏடிஎம் அட்டையும் அதன் பின் எண்ணும் பக்கத்தில் இருக்கட்டும். கைப்பேசி எண்ணும் சேர்ந்து மாறியிருந்தால் சில வங்கிகள் ஏடிஎம்முக்கோ கிளைக்கோ வரச் சொல்லும்; அதனால் எண் மாற்றத்தையும் கைப்பேசி மாற்றத்தையும் ஒரே வாரத்தில் வைக்காதீர்கள்.

இரண்டு வங்கி இருந்தால் ஒன்றை இன்று, மற்றதை நாளை மாற்றுங்கள். ஏதாவது ஒன்று எப்போதும் திறந்திருக்கும். அந்த நேரத்தில் வங்கியிலிருந்து பேசுகிறேன், புதுக் கைப்பேசிப் பதிவுக்கு உதவுகிறேன் என்று யாராவது அழைத்தால் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணை அழையுங்கள்.

டச் அண்ட் கோ இவாலட் போன்றவை புதுக் கருவியில் முகத்தைக் காட்டி உறுதிசெய்யச் சொல்லும், வெளிச்சமான இடத்தில் உட்காருங்கள். இசிம் வைத்திருப்பவர்கள் பழையதை அழிக்குமுன் அதைப் புதியதற்கு மாற்ற வேண்டும். அழித்துவிட்டு மாற்ற நினைத்தால் ஐசியோடு கடைக்குப் போக வேண்டிவரும்.

மூன்றாம் நாள், எல்லாச் செயலியும் புதியதில் திறக்கின்றன என்றால், பழையதைக் கையில் எடுங்கள். ஐபோனில் ஃபைண்ட் மை வசதியை அணைத்து ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். ஆண்ட்ராய்டில் கூகிள் கணக்கையும், சாம்சங் என்றால் சாம்சங் கணக்கையும் நீக்குங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் எடுங்கள். அதன்பிறகுதான் ரீசெட். முதல் திரை வந்ததும் வைஃபையில் இணைத்து இரண்டு பக்கம் முன்னே போய்ப் பாருங்கள். பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கவில்லை என்றால், பழையதை வாங்கிக்கொள்ளும் டிரேட்-இன் கடைக்கு எடுத்துப் போகலாம்.

விலையை இரண்டு இடத்திலாவது கேளுங்கள். பெட்டியும் ரசீதும் கூட இருந்தால் கூடுதல் கிடைக்கும்.